இருபத்திமூண்டாம் மாடியில அம்மா நித்திரை கொண்டா

மட்டக்களப்புக் கல்லடியில எங்கட வீட்டுக்கு மேல ஸ்லப் போட்டு இண்டைக்கு ஆறு நாள். கொங்கிறீட் வெடிக்காம இறுகோணும் எண்டு சுத்தவர சீமெந்தால சின்ன வரம்பு கட்டி தண்ணி நிறைச்சு விட்டிருக்காங்க, பாக்க வயல் வரம்பு மாதிரியே இருக்கு, காகங்கள் வந்து குளிச்சிட்டுப் போகுது. நேத்து பக்கத்து வளவு மாமி வந்து அண்ணாந்து பாத்திட்டு, "கொழும்பில அந்த உயரத்தில இருந்து பழகி இப்ப நிலத்தில இரிக்க ஏலாமப் போச்சா புள்ள" எண்டு கேட்டா. அப்பிடியில்ல மாமி எண்டு தொடங்கினன், அதுக்குள்ள மகன் தண்ணிக்குள்ள இறங்கிட்டான், கதை அதோட நிண்டு போச்சு. மாமிக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இஞ்ச எழுதுறன், கொஞ்சம் நீளும்.

2021 கடைசியில என்ட அவருக்கு கோட்டையில எச்செலன் சதுக்கத்துப் பக்கம் ஒபிஸ் மாறினது. வீட்டு வாடகையை வேலை செய்யிற இடம் கட்டும் எண்டு சொன்னதால கொம்பனித்தெருவில ஒரு பெரிய டவரில 23ம் மாடிக்குப் போனம். எங்கட காசில அப்பிடி ஒரு இடத்தை வாசலில நிண்டு பாக்கத்தான் ஏலும். ரெண்டு அறை, ஒரு ஹோல், ஒரு பக்கம் முழுக்க நிலத்திலருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கண்ணாடிக்கு அங்கால ஒரு பக்கம் பேரை வாவியும் தாமரைக் கோபுரமும், மற்றப் பக்கம் காலிமுகத்திடலும் கடலும். பேரை வாவியில கூழைக்கடா கூட்டம் கூட்டமா இருக்கும், அதுகள் எழும்பிப் பறக்கேக்க நாங்க அதுகளிட முதுகைப் பாப்பம். பருந்தும் அப்பிடித்தான். ஊரில பருந்தெண்டா வயித்தைத்தான் கண்டிருக்கன், அதின்ட முதுகு என்ன நிறமெண்டு 31 வயசில அந்த பல்கனியில நிண்டுதான் கண்டன்.

முதல் மாசம் எனக்கு என்னவோ ஒண்டு குறையிற மாதிரியே இருந்தது, என்னெண்டு பிடிபடல்ல. புறகுதான் விளங்கினது, கடல் தெரியுது, ஆனா சத்தம் இல்ல. கல்லடியில பிறந்து வளர்ந்தவங்களுக்குத் தெரியும், இரவில எல்லாம் அடங்கினாப் புறகு கடல் இரையிறது காதுக்குள்ளேயே இருக்கும், வாடைக்காத்துக் காலத்தில ஒரு மாதிரி, கச்சான் காலத்தில இன்னொரு மாதிரி. அங்க கண்ணாடி ரெட்டைக் கண்ணாடி, மூடினா ஒண்டும் கேக்காது. திறந்தா காத்து கூவுற சத்தம்தான், சில நாளையில கதவைத் தள்ளித் திறக்க ரெண்டு கையும் வேணும். கடல் விரிச்ச பாய் மாதிரி சும்மா கிடக்கும்.

அங்க எல்லாமே மேல ஏத்தினாத்தான் இருக்கு. தண்ணி பம்ப் பண்ணி ஏறோணும், ஆக்கள் லிஃப்டில ஏறோணும், காஸ் ஏறோணும், கரண்ட் இல்லாட்டி ஒண்டுமே இல்ல. 2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினாங்களே, அந்த நேரம் டீசலும் இல்ல, எங்கட கட்டடத்தில ஜெனரேட்டரை நேரம் பாத்துத்தான் போட்டாங்க, நாலு லிஃப்டில ஒண்டுதான் ஓடினது. அப்ப நான் மூண்டு மாசம் வயித்தில. ஒருக்கா மரக்கறிப் பையோட கீழ ஒண்டரை மணித்தியாலம் குந்திக்கொண்டிருந்தன். மெயின்டனன்ஸ் காசு சதுர அடிக்கு இவ்வளவு எண்டு மாசா மாசம் போகும், இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் சேந்த ஒரு முகாமைத்துவ சபை இருக்கோணும் எண்டு சட்டமே இருக்கு, அந்தக் காசில ஒரு பங்கை பிற்காலத்தில லிஃப்ட் மாத்த, பெயின்ட் அடிக்க எண்டு சேத்து வைப்பாங்க. வாடகைக்கு இருக்கிற எங்களுக்கு அந்தக் கூட்டத்தில கதைக்க இடமில்ல. அதைப் பெரிசா எடுக்கல்ல நான்.

ஒக்டோபர் மாசம் எனக்குப் பிள்ளைப்பேறு எண்டு அம்மா வந்தா. மட்டக்களப்பிலருந்து இரவு ரயில், விடியக்காலம் கோட்டை ஸ்டேஷன். ரெண்டு சட்டித் தயிர், பத்தியக் கறிக்குச் சரக்கு, கருவாடு, தேங்காய் பத்தோ பன்னிரண்டோ. இவர் கார் விடப் போயிட்டார், அம்மா மூட்டைகளோட ரிசெப்ஷனில நிக்கிறா, அங்க ஐடென்டி கார்ட் கேக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க, எத்தினை நாள் நிப்பீங்க எண்டு சிங்களத்தில கேக்கிறாங்க, நான் வயித்தோட கீழ இறங்கி வாறதுக்குள்ள அம்மா ஒரு செக்யூரிட்டித் தம்பியோட நல்லாக் கதைச்சுக்கொண்டு நிக்கிறா. அந்தத் தம்பி திருக்கோவில். "எந்த ஊர் அம்மா" எண்டு அவர் கேட்ட கேள்வியோட அம்மாட முகம் மாறிட்டுதாம். மறுகா அந்த ஏழு மாசமும் அம்மா காலமையில கீழ போய் அவரோட பத்து நிமிசம் கதைக்காம வந்ததில்ல.

எல்லாரும் என்ன நினைச்சமெண்டா, அம்மாவுக்கு அங்க இருக்க ஏலாது, ஒரு கிழமையில வீட்ட போகோணும் எண்டு அழுவா. வளவு கூட்டி, கிணத்தில அள்ளி, வளவு வாசல் கடப்படியில நிண்டு போற வாற எல்லாரோடயும் கதைச்சுப் பழகின மனிசி. நான் இவரிட்ட முதலே சொல்லி வச்சிருந்தன், அம்மா போறெண்டு நிண்டா மறிக்காதீங்க எண்டு.

முதல் நாள் இரவு அம்மா அறையில கட்டிலைத் தொடல்ல, பாயை எடுத்துக்கொண்டு வந்து ஹோலில கண்ணாடியோட ஒட்டிப் போட்டா, கடல் பக்கம். நான் "குளிரும் அம்மா, உள்ள படுங்க" எண்டன். "நீ படு மனே" எண்டா. காலமை நான் எழும்பேக்க ஆறரை, அம்மா இன்னும் நித்திரை. எனக்கு பயமாப் போச்சு, கிட்டப் போய் மூச்சு வருதா எண்டு பாத்தன். ஏனெண்டா 2004க்குப் புறகு அம்மா ரெண்டு மூண்டு மணிக்கு மேல படுத்து நான் கண்டதே இல்ல.

அந்த நாளைப் பத்தி நான் இதுவரைக்கும் எங்கயும் எழுதல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமிப் போயா லீவு. நான் ஒன்பதாம் ஆண்டு முடிச்ச லீவில. சுமாத்திராவுக்குக் கிட்ட காலமை ஏழு மணிக்கு நிலம் ஆடினது எங்களுக்கு எங்க தெரியும், ரெண்டு மணித்தியாலம் இருந்திருக்கு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. எங்கட கல்லடி எப்பிடியெண்டா ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி, நடுவில ஒரு துண்டு நிலம். நாவலடி இன்னும் ஒடுக்கம். ஓடுறதெண்டா பாலத்துக்குத்தான் ஓடோணும், பாலம் எங்கட வீட்டிலருந்து எட்ட. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு என்ட கையைப் பிடிச்சு இழுத்தா, றோட்டுக்கு வரமுந்தியே தண்ணி காலுக்குள்ள வந்திட்டுது. மூண்டு வீடு தள்ளி ஒரு வெளிநாட்டுக்காரர் மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார், அரைவாசியில நிண்ட வீடு, பூசல்ல, தூணெல்லாம் கம்பி நீட்டிக்கொண்டு நிண்டது. அதில ஏறினம். முப்பது நாப்பது பேர் இருக்கும் அந்த ஸ்லப்பில. மேலருந்து பாத்த எதையும் நான் இதில எழுதப் போறதில்ல. நாவலடியில இருந்த சித்தியையும் ரெண்டு பிள்ளைகளையும் பிறகு நாங்க காணல்ல.

அதுக்குப் புறகு அம்மாட நித்திரை காதாலதான். கடல் இரைச்சல் கொஞ்சம் மாறினா எழும்பிடுவா, கூடினாலும் எழும்புவா, குறைஞ்சா இன்னும் கெதியா எழும்புவா, ஏனெண்டா அண்டைக்கு கடல் உள்வாங்கினதெண்டு ஆக்கள் சொன்னதை அவ மறக்கல்ல. 2012 ஏப்ரல் 11 பின்னேரம் திரும்ப சுமாத்திராப் பக்கம் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை எண்டு சொல்ல கல்லடி முழுக்க ஒரே ஓட்டம். அப்ப புதுப் பாலம் இல்ல, அது 2013லதானே திறந்தது, 1924ல வெள்ளைக்காரன் கட்டின அந்த ஒடுக்கப் பாலம் மட்டும்தான், ஓட்டோவும் சைக்கிளும் சனமும் ஒண்டா நெருக்கி நடுப்பாலத்தில அப்பிடியே நிண்டுது. அலை வரல்ல, கடவுள் காத்தது. ஆனா அம்மா நடுப்பாலத்தில நிண்ட அந்த நேரத்தைத்தான் இன்னும் சொல்லுவா, கீழ தண்ணி, பின்னால தண்ணி, முன்னால நகர இடமில்ல எண்டு.

அப்ப விளங்குதா, 23ம் மாடியில கண்ணாடியோட ஒட்டிப் படுத்தவ ஏன் நித்திரை கொண்டா எண்டு. கடல் தெரியோணும், எட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது. 18 வருசமா அவ தேடின இடம் அதுதான் எண்டு அம்மாவுக்கே அங்க போகமுந்தித் தெரியாது. நான் வளவும் மண்ணும் இல்லையே எண்டு உள்ளுக்குள்ள புழுங்கிக்கொண்டிருந்த அதே வீட்டில அம்மா நிம்மதியா இருந்தா. அந்த வருச டிசம்பர் 26 காலமை விளக்கு வச்சு, சித்திக்கு எண்டு பல்கனியில வாழையிலைத் துண்டில சோறு வச்சா, காகம் அந்த உயரத்துக்கு வரல்ல, அதை எடுத்துக்கொண்டு லிஃப்டில கீழ இறங்கி வாவிக்கரையில வச்சிட்டு வந்தா. வந்து மத்தியானமும் படுத்து நித்திரை கொண்டா. நான் குசினிக்குள்ள நிண்டு அழுதன்.

பகலில அம்மாட வேலை பேரனை மடியில வச்சுக்கொண்டு கீழ பாக்கிறது. கீழ கொம்பனித்தெரு ஸ்டேஷன், கரையோர ரயில் அதாலதான் போகும். ஒருநாள் கேட்டா இது எங்க போற ரயில் எண்டு. மாத்தறைக்கு எண்டன். அண்டைக்கு பெரலியவில அலை அடிச்ச ரயிலும் இதாலதான் போயிருக்கும் என்ன எண்டா. ஓம், கோட்டையிலருந்து வெளிக்கிட்டது, ஆயிரத்துக்கு மேல சனம் அதில. முதல் அலையோட ரயில் நிண்டுட்டுது, உயரமான பெட்டிதானே எண்டு நம்பி சுத்தியிருந்த சனமும் அதில ஏறினது, ரெண்டாவது அலை பெட்டியைப் பிரட்டிப் போட்டிட்டுது. அம்மா அதைக் கேட்டிட்டுக் கன நேரம் பேசல்ல. பிறகு, "உயரம் மட்டும் காணாது, நிண்டு பிடிக்கவும் வேணும்" எண்டா. தூண் எவ்வளவு மொத்தம் இந்தக் கட்டடத்துக்கு எண்டு அண்டைக்கு கார் பார்க்குக்கு இறங்கிப் போய்க் கையால அளந்து பாத்தவ அவ.

பெப்ரவரியில ஒரு இரவு நெருப்பு அலாரம். ஒரு மணி இருக்கும். லிஃப்டில ஏறக்கூடாது, படியாலதான் இறங்கோணும், அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா கையில நாலு மாசப் பிள்ளையும் பக்கத்தில முழங்கால் ஏலாத அம்மாவும் இருக்கேக்க 23 மாடி எண்டது வேற கணக்கு. 414 படி, அடுத்த நாள் இவர் எண்ணினார். படிக்கட்டு நிறைய ஆக்கள், ஒரு வருசத்துக்கு மேல ஒரே மாடியில இருந்தும் முகம் தெரியாத ஆக்கள், அண்டைக்குத்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தம். எங்கட எதிர்க்கதவு சிங்கள அம்மா தன்ட சால்வையைப் பிள்ளைக்குப் போத்திவிட்டா. அம்மா ஒவ்வொரு படிக்கும் கைபிடியைப் பிடிச்சுப் பிடிச்சு, "வெள்ளத்துக்கு ஏறோணும், நெருப்புக்கு இறங்கோணும்" எண்டு தனக்குள்ள சொல்லிக்கொண்டே வாறா. பதினொராம் மாடியில அந்தத் திருக்கோவில் தம்பி கீழருந்து ஓடி வந்து பிள்ளையை வாங்கினார். யாரோ அடுப்பில சட்டியை மறந்த புகை, வேற ஒண்டுமில்ல.

அடுத்த நாள் அம்மா அவரிட்டக் கேட்டது எனக்கு இப்பவும் காதுக்குள்ள இருக்கு. "தம்பி, கடல் வந்தா இந்த றோட்டில நிக்கிற சனத்தை மேல ஏற விடுவீங்களா?" அவர் உடன மறுமொழி சொல்லல்ல. பிறகு சொன்னார், கார்ட் இல்லாம லிஃப்ட் அசையாது அம்மா, படிக்கதவு உள்ளால தள்ளினாத் திறக்கும், வெளியாலருந்து திறக்க ஏலாது, அப்பிடித்தான் செஞ்சிருக்கு. அவரும் 2004ல திருக்கோவிலில இருந்தவர்தான். இலங்கையிலேயே கூடுதலாச் சனம் செத்தது அம்பாறை மாவட்டத்திலதானே, அவருக்கு அம்மா என்ன கேக்கிறா எண்டு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்ல. "நான் நிக்கிற நேரமெண்டா திறந்து விடுவன் அம்மா" எண்டார்.

அம்மா மேல வந்து கண்ணாடியடியில இருந்து கீழ பாத்தா. எங்கட டவருக்கு அடியிலேயே தகரக்கூரை வீடுகள் நெருங்கின தோட்டம் ஒண்டு இருக்கு, கொம்பனித்தெருவில இப்பிடிப் பழைய வீடுகளை இடிச்சு இடிச்சுத்தான் பெரிய கட்டடங்கள் எழும்பினது, மலாய் ஆக்கள், முஸ்லிம் ஆக்கள், தமிழ் ஆக்கள் எண்டு தலைமுறை தலைமுறையா இருந்த சனம், கொஞ்சம் வேற இடத்துக்குப் போயிட்டுது, கொஞ்சம் இன்னும் கீழ இருக்கு. பின்னேரத்தில அந்தப் பிள்ளைகள் பட்டம் விடுவாங்க, நூல் எவ்வளவு விட்டாலும் எங்கட மாடிக்கு எட்டாது. அதுக்குப் புறகும் அம்மா நித்திரை கொண்டாதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா பாயைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்துப் போட்டா.

இந்த வருசம் தொடக்கத்தில இவருக்கு மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைச்சு நாங்க திரும்பி வந்தம். வந்த முதல் கிழமையே அம்மா என்னட்டக் கேட்டா, மேல ஒரு அறை எடுப்பமா எண்டு. எங்கட பக்கம் தாய்வீடு மகளுக்குத்தானே, அந்த வீடு என்ட பேரில இருக்கு, அதால என்னட்ட அனுமதி கேக்கிற மாதிரிக் கேட்டா, எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. சுனாமிக்குப் புறகு கிழக்குக் கரையில 200 மீற்றருக்குள்ள கட்டக்கூடாது, தெற்கு மேற்கில 100 எண்டெல்லாம் சட்டம் போட்டுப் பிறகு தளத்தினாங்க, எங்கட வளவு அதுக்கு வெளியாலதான். வெளியால எண்டாப்போல தண்ணி நிண்டு கேட்டிட்டா வந்தது. பழைய சுவரில ஏத்த ஏலாது எண்டு இஞ்சினியர் சொல்லிட்டார், புதுசா அத்திவாரம் தோண்டி எட்டுத் தூண் எழுப்பி, கீழ சுவர் வைக்காம திறந்து விட்டு மேலதான் அறை. தண்ணி வந்தா தூணுக்குள்ளால போயிடோணும், சுவரெண்டு மறிச்சு நிண்டா அது கட்டடத்தையே தள்ளும். நகையில பாதி அதுக்குப் போச்சு. போகட்டும்.

சண்டை வந்தது படிக்கு. படத்தில படி வீட்டுக்குள்ளால, ஹோலிலருந்து வளைஞ்சு ஏறுற மாதிரி, வடிவா இருந்தது. அம்மா மாட்டன் எண்டா. படி வெளியால வேணும், கடப்படிப் பக்கமா, றோட்டிலருந்து பாத்தாத் தெரியோணும், அதுக்குக் கேட்டும் போடக்கூடாது. மேசன் சொன்னார் மழைக்கு ஊத்தை பிடிக்கும் அம்மா எண்டு, இவர் சொன்னார் கள்ளன் ஏறுவான் மாமி எண்டு, நான் வடிவு போயிடும் எண்டன். மூண்டு பேரும் சொல்றதை அம்மா கேட்டுக்கொண்டிருந்திட்டு ஒரே ஒண்டுதான் சொன்னா.

"அண்டைக்கு அந்த வெளிநாட்டுக்காரர் வீட்டைக் கட்டி முடிச்சுக் கதவைப் போட்டிருந்தா நாம இல்ல மனே."

அதுக்குப் புறகு ஒருத்தரும் படியைப் பத்திக் கதைக்கல்ல. நாலடி அகலத்தில வெளியால போட்டாச்சு, ரெண்டு பேர் ஒண்டா ஏறலாம், முழங்கால் ஏலாத ஆக்களுக்கு எண்டு படி உயரத்தையும் குறைச்சிருக்கு. கைபிடி இன்னும் வைக்கல்ல. மேல போய் நிண்டா தென்னந்தலைக்கு நடுவால கடல் தெரியுது, சத்தமும் கேக்குது, 23ம் மாடி மாதிரி இல்ல. அம்மாவுக்கு அதில நித்திரை வருமா எண்டு அறை முடிஞ்சு பாய் போட்டாத்தான் தெரியும்.

இண்டைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோட மாமிட பேரப்பிள்ளைகளும் இன்னும் நாலஞ்சு பேரும் அந்தப் படியால ஏறுறதும் இறங்குறதுமா ஒரே சத்தம். மேசன் கீழருந்து ஏசினார், சீமெந்து இன்னும் பச்சை, இறங்குங்கடா எண்டு. அம்மா வேப்பமரத்துக்குக் கீழ கதிரையில இருந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவ, நிமிந்து பாத்தா.

"விடுங்க தம்பி. ஏறிப் பழகட்டும்."